மின் அணிலும் மரவள்ளிக் குளவியும்

2014-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில் ‘போக்கிமான்’ என்னும் கம்ப்யூட்டர் விளையாட்டின் உலகப் போட்டி நடந்தது. பல நாடுகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு வந்த ஆட்டக்காரர்கள் தத்தம் கற்பனைப் பிராணிகளைத் திரையில் மோதவிட்டார்கள். நெருப்புக் கக்கும் பறவைகள், நிலத்தைப் பிளக்கும் டிராகன்கள் முதலிய பயங்கரப் பிராணிகளே எங்கும் காணப்பட்டன. பெரியவர் பிரிவில் பட்டம் வென்றவர் தென்கொரியாவைச் சேர்ந்த சே ஜுன் பார்க். அவருடைய குழுவில் ஒரு சிறிய வெள்ளை அணில் இருந்தது. அதன் பெயர் பச்சிரிசு. பச்சரிசி என்று படித்துவிட வேண்டாம்! ஜப்பானிய மொழியில் ‘ரிசு’ என்றால் அணில்; ‘பச்சி பச்சி’ என்பது மின்பொறி தெறிக்கும் ஓசை. பெரிய போட்டிகளில் எவரும் பொருட்படுத்தாத பிராணி அது.

இதைப் படிக்கும் ராசிபுரம், ஆத்தூர்ப் பக்கத்து வாசகர்கள், “எங்கோ நடந்த பிள்ளை விளையாட்டு நமக்கெதற்கு?” என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் 2022-ஆம் ஆண்டு மார்ச் 7-ஆம் நாள் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் இதே போன்ற ஓர் ஆட்டம் மெய்யாகவே தொடங்கிற்று. களம், குச்சிக்கிழங்குத் தோட்டம். எதிரி, வெள்ளை மாவுப்பூச்சி. நம் பக்கத்தில் இறக்கப்பட்டது 2 மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத ஒரு குளவி. நம் நாட்டில் அதுவரை இல்லாத இனம் அது. அணில் ஏன் வென்றது என்பதைப் புரிந்துகொண்டால், அந்தக் குளவியை ஏன் கடல் கடந்து கொண்டுவந்தார்கள் என்பதும், அதைக் கெடுக்காமல் வைத்துக்கொள்வது எப்படி என்பதும் எளிதில் விளங்கும். ஆகவே முதலில் அணிலைப் பார்ப்போம்.

ஆட்டத்தின் கணக்கு

போக்கிமான் விளையாட்டு 1996-இல் ஜப்பானில் வெளிவந்தது. அதை உருவாக்கிய சதோஷி தஜிரி சிறுவயதில் டோக்கியோவை அடுத்த ஊரில் வண்டுகளையும் பூச்சிகளையும் தேடிப் பிடித்துச் சேர்த்து வைத்தவர். அந்தப் பழக்கமே விளையாட்டாக உருவெடுத்தது. எனவே, இந்த விளையாட்டை ஒரு பூச்சிக் கதையோடு சேர்த்துப் பேசுவது அப்படியொன்றும் பொருந்தாத காரியம் அல்ல.

போட்டி விதி இதுதான். ஒவ்வொருவரும் 6 பிராணிகளைக் கொண்டுவருவார்கள். எதிராளியின் ஆறையும் பார்த்துவிட்டு, தம்முடையவற்றில் 4-ஐத் தேர்ந்தெடுப்பார்கள். களத்தில் ஒரு நேரத்தில் பக்கத்துக்கு இரண்டு நிற்கும். இருவரும் ஒரே சமயத்தில், ஒருவருக்கொருவர் தெரியாமல், தத்தம் கட்டளையை இடவேண்டும்.

பிராணிகள் 18 வகைப்படும். நெருப்பு புல்லை எரிக்கும்; நீர் நெருப்பை அணைக்கும்; புல் நீரை உறிஞ்சும். பொருத்தமான வகையால் அடித்தால் அடி இரண்டு மடங்காகும். பொருந்தாத வகையால் அடித்தால் பாதியாகும். சில வகைகளுக்கிடையே அடி விழவே விழாது. ஒரு பிராணி இரண்டு வகைகளைச் சேர்ந்ததாக இருந்தால் இரண்டையும் பெருக்கிக்கொள்ள வேண்டும். உதாரணமாக, கயராடோஸ் என்னும் பெரிய நீர்ப்பாம்பு நீர், பறத்தல் ஆகிய இரு வகைகளையும் சேர்ந்தது. மின்சாரம் இரண்டுக்குமே ஆகாது. ஆகவே அதன்மீது மின்னடி 2 × 2 = 4 மடங்காக விழும். ஒரே அடியில் ஆள் காலி!

இனி அணிலின் ஜாதகத்தைப் பார்ப்போம். ஒவ்வொரு பிராணிக்கும் உயிர், தாக்கு, காப்பு, சிறப்புத் தாக்கு, சிறப்புக் காப்பு, வேகம் என்று ஆறு எண்கள் உண்டு. பச்சிரிசுவின் ஆறு எண்களையும் கூட்டினால் 405 வரும். அக்காலப் போட்டிகளில் எங்கும் காணப்பட்ட கார்ச்சாம்ப் என்னும் டிராகனுக்கோ 600. டிராகனின் தாக்கு 130. அணிலின் தாக்கு வெறும் 45. மல்லுக்கு நின்றால் அணில் பிழைக்காது. காகிதத்தில் பார்த்த பலரும் அத்துடன் அதை ஒதுக்கிவிட்டதில் வியப்பில்லை.

பார்க் வேறொரு கேள்வியைக் கேட்டார் என்று அவருடைய அணில் பெற்றிருந்த வித்தைகளிலிருந்து ஊகிக்கலாம். பலம் தேவைப்படாத வேலைகள் எவை? அவற்றில் எத்தனையை இந்த அணில் செய்யும்?

ஒவ்வொரு பிராணிக்கும் நான்கு வித்தைகள்தாம் தரலாம். அணிலுக்கு அவர் தந்தவற்றில் ஒன்று, எதிரியிடம் அப்போது மிஞ்சியிருக்கும் உயிரில் சரிபாதியைக் கடித்து எடுக்கும் பல். எதிரிக்கு 200 உயிர் இருந்தால் 100 போகும். 160 இருந்தால் 80. கடிப்பவன் பயில்வானா நோஞ்சானா என்பதை இந்தக் கணக்கு கேட்பதே இல்லை. இரண்டாவது, கன்னத்தை உரசி எதிரியை வாதத்தில் ஆழ்த்துவது. உரசலின் அடி அற்பம்; ஆனால் அது பட்டால் வாதம் நிச்சயம். 2014-இல் இருந்த விதிப்படி வாதம் கண்ட பிராணியின் வேகம் கால் பங்காகக் குறையும். நான்கில் ஒரு முறை அசையவே முடியாமல் நின்றுவிடும். மூன்றாவது, ஒரு முறை தன்னை முழுவதும் காத்துக்கொள்ளும் கேடயம்.

நான்காவதுதான் உயிர்நாடி. ‘என்னைப் பார்’ என்று எதிரிகளை அழைப்பது அது. பக்கத்தில் நிற்கும் தோழன்மேல் குறிவைத்து விடுத்த அடிகள் திரும்பி அணில்மேல் விழும். அணிலுக்கோ பிறவியிலேயே ஓர் இயல்பு உண்டு. மின்னடி பட்டால் அதற்கு வலிக்காது. மாறாக, அதன் முழு உயிரில் கால் பங்கு கூடும். இப்போது அந்த நீர்ப்பாம்பை அணிலின் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். பாம்பை நான்கு மடங்காக எரிக்க வேண்டிய மின்னல், அணிலுக்கு உணவாகிவிடுகிறது! அதற்குக் கைம்மாறும் உண்டு. அணிலுக்குப் பகை, நில வகை அடி. அந்த அடியை வலுவாக வீசும் டிராகன்களின் தாக்கு, நீர்ப்பாம்பு களத்தில் இறங்கிய மாத்திரத்தில் அதன் மிரட்டலால் மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கும். ஒருவர் ஓட்டையை மற்றவர் அடைக்கிறார். பார்க்கின் குழுவில் நீர்ப்பாம்பும் இருந்தது என்று தனியே சொல்ல வேண்டுமா?

“அடியெல்லாம் தன்மேல் வாங்கினால் அணில் செத்துப்போகாதா?” என்று நீங்கள் கேட்பீர்கள். இங்கேதான் பயிற்சி வருகிறது. ஒவ்வொரு பிராணிக்கும் 510 பயிற்சிப் புள்ளிகள் வரை தரலாம். ஓர் எண்ணுக்கு 252-க்கு மேல் தரக்கூடாது. பெரும்பாலோர் தாக்குக்கும் வேகத்துக்குமே அவற்றைச் செலவிடுவார்கள். அணிலின் 45 தாக்கில் எவ்வளவு கொட்டினாலும் விழலுக்கு இறைத்த நீர்தான். ஆகவே உயிருக்கும் காப்புக்கும் கொட்ட வேண்டும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். போட்டி நடக்கும் 50-ஆம் படியில், பயிற்சி பெறாத நல்ல அணிலின் உயிர் 135, காப்பு 90. இரண்டிலும் முழுப்பயிற்சி தந்து, காப்பை 10 விழுக்காடு கூட்டும் சுபாவமும் வாய்த்தால் உயிர் 167, காப்பு 134. ஓர் அடியால் உண்டாகும் சேதம் ஏறத்தாழக் காப்புக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். எனவே தாங்கும் திறனை அறிய உயிரையும் காப்பையும் பெருக்க வேண்டும். முன்னது 12,150, பின்னது 22,378. அதே அணில் இப்போது 1.8 மடங்கு அடி தாங்கும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. அடியைத் தன்பால் இழுக்கும் வேலையை அந்நாளில் பலர் ஒரு காளான் பிராணியிடம் விட்டிருந்தார்கள். ஆனால் காளான் தூவும் பொடியில் புல் வகைப் பிராணிகள் மயங்குவதில்லை. மேலும், நெருப்பும் பறத்தலும் காளானுக்கு ஆகா. அவ்விரண்டு வகைகளையும் ஒருங்கே கொண்ட ஒரு கழுகு அந்த ஆண்டில் எங்கு பார்த்தாலும் பறந்துகொண்டிருந்தது. அணிலுக்கோ பறத்தல் வகை அடி பாதிதான் படும். வேறோர் ஆண்டில், வேறு எதிரிகளுக்கிடையே, இதே அணில் வெறும் சுமையாக இருந்திருக்கலாம்.

அரிதாக இருப்பதே ஒரு பலமா?

எதிராளிகள் எதிர்பாராததால் வென்றது என்றும் சிலர் சொல்வார்கள். அதிலும் உண்மை உண்டு. இயற்கையிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. கலிபோர்னியாவில் ஒரு சிறு ஓணான் இனத்தை ஆராய்ந்த சினெர்வோ, லைவ்லி என்ற இரு விஞ்ஞானிகள் 1996-இல் ஒரு வினோதத்தை வெளியிட்டார்கள். அந்த இனத்து ஆண்களில் தொண்டை ஆரஞ்சாக உள்ளவை, நீலமாக உள்ளவை, மஞ்சளாக உள்ளவை என மூன்று வகை. முரட்டு ஆரஞ்சு, நீலத்தை விரட்டி அதன் எல்லையைப் பறிக்கும். நீலம் தன் துணையை அருகிலிருந்து காத்து, மஞ்சளை அண்டவிடாது. மஞ்சளோ பெண் போல் நடித்து ஆரஞ்சின் பெரிய எல்லைக்குள் நுழைந்துவிடும். எந்த வகை பெருகுகிறதோ அதை வீழ்த்தும் வகைக்கு யோகம். பெருகியது குறையும், அரிதாக இருந்தது ஏறும்.

விளையாட்டிலும் அப்படியே. எல்லோரும் அணில் வளர்க்கத் தொடங்கினால் எல்லோரும் அணிலுக்கு மாற்றும் கண்டுபிடிப்பார்கள். புதுமையின் பலம் ஒரு போட்டிக்குத்தான். பொருத்தத்தின் பலம் களம் மாறாத வரையில் நிற்கும். நம் குளவியிடம் நாம் எதிர்பார்ப்பது இந்த இரண்டாவது பலத்தை.

குச்சிக்கிழங்குக் களம்

சேலம், நாமக்கல் சமவெளியில் மரவள்ளியை ‘குச்சிக்கிழங்கு’ என்பார்கள். கடைக்குக் கறிக்கிழங்காகப் போவதைவிட ஆலைக்கு மாவாகவும் ஜவ்வரிசியாகவும் போவதே இங்கு பெரிது. சேலத்தில் ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான ‘சேகோசர்வ்’ 1981-இல் தோன்றியது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கிழங்கு படுத்தால் உழவர் மட்டுமல்ல, மாவு உலர்த்தும் களத்தில் கூலிக்கு நிற்கும் பெண்கள் வரை படுத்துவிடுவார்கள்.

மரவள்ளி தென் அமெரிக்கப் பயிர். அதன் மாவுப்பூச்சிக்கும் பிறந்த வீடு அதுவே. பயிர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கப்பலேறி உலகமெல்லாம் பரவியது. பூச்சி அப்போது கூட வரவில்லை. 1970-களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவில் காங்கோ ஆற்றுப் பகுதியில் அது தென்பட்டது. 2008-இல் தாய்லாந்து. 2020-இல் கேரளத்தின் திருச்சூர்ப் பகுதியில் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு நம் சமவெளியிலும் பரவியது. இதன் விஞ்ஞானப் பெயர் பெனகாக்கஸ் மானிஹோட்டி.

இதன் ‘ஜாதகத்தை’யும் பார்த்துவிடுவோம். இளஞ்சிவப்பு உடல், மேலே வெண்மையான மெழுகுப் பொடி. மருந்துத் தண்ணீர் அந்த மெழுகில் ஒட்டாமல் வழிந்துவிடும். குருத்தின் இடுக்குகளில் ஒளிந்துகொள்வதால் தெளிப்பான் எட்டுவதும் கடினம். இவ்வினத்தில் ஆணே தேவையில்லை; பெண் தானே முட்டையிட்டுப் பெண்களையே பெறும். ஒரு தாய் 400 முட்டைகள் வரை இடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனையும் பிழைத்தால், இரண்டாம் தலைமுறையில் 400 × 400 = 1,60,000. தலைமுறைக்கு ஆகும் காலம் ஏறத்தாழ ஒரு மாதமே. இது சாறுண்ணும்போது செடியின் வளர்ச்சி தாறுமாறாகி, கணுவிடை குறுகி, நுனி இலைகள் சுருண்டு கொத்தாகிவிடும். வெயில் காலத்தில் இதற்குக் கொண்டாட்டம். நல்ல மழை பெய்தால் அடித்துக்கொண்டு போகும்.

இதன்மேல் யாரை ஏவுவது? பலசாலி ஒருவர் ஏற்கெனவே நம்மிடம் உண்டு. ஆஸ்திரேலியாவிலிருந்து 1898-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கிரிப்டோலீமஸ் என்னும் பொறிவண்டு அது. அதன் புழுவும் மாவுப்பூச்சிகளைத் தின்று தீர்க்கும். மாவுப்பூச்சி எந்த இனமாயினும் அதற்குச் சம்மதம். ஆனால் பெருந்தீனிக்காரனைக் கட்டி மேய்ப்பது கஷ்டம். பூச்சி மொய்த்துக் கிடக்கும் தோட்டத்தில் அது பிரமாதமாக வேலை செய்யும். பூச்சி குறைந்தால் வயிறு நிறையாது, பறந்துவிடும். மிஞ்சிய பத்துப் பூச்சிகள் மறுபடி பெருகும். இதைவிட மோசமான உதாரணமும் உண்டு. கரும்பு வண்டுகளை ஒழிக்கவென்று 1935-இல் ஆஸ்திரேலியாவில் விடப்பட்ட பெருந்தேரை, வண்டை ஒழிக்கவில்லை. வேறெதையெல்லாமோ தின்று, தன்னைத் தின்ற பிராணிகளை விஷத்தால் கொன்று, நாட்டின் வடபகுதியெங்கும் பரவிற்று. எதையும் தின்னும் வீரனை ஏவுமுன் நூறு முறை யோசிக்க வேண்டும் என்பதாலேயே, இப்படிப்பட்ட இறக்குமதிகள் இப்போது பூட்டிய ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்படுகின்றன.

சரி, ஒரே எதிரியைக் குறிவைக்கும் சிறு வீரன்? அதிலும் நமக்குப் பழைய அனுபவம் இருந்தது. 2008-இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது. அது பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, மரவள்ளி என்று தாவியது. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவி வரவழைக்கப்பட்டுத் தமிழ்நாட்டில் விடப்பட்டது, பூச்சி அடங்கிற்று. இந்தப் பகுதி மூத்த உழவர்கள் பலருக்கு அது நினைவிருக்கும். ஆனால் 2020-இல் வந்த எதிரி வேறு இனம். பார்வைக்கு இரண்டும் வெள்ளைப் பூச்சிதான். பப்பாளிக் குளவியோ தன் பூச்சியை விட்டு இதைத் தொடாது. ஓர் ஆட்டத்தின் நாயகன் அடுத்த ஆட்டத்தில் உதவவில்லை.

சரியான குளவியைத் தேடிய கதை

இதே தடுமாற்றம் ஆப்பிரிக்காவுக்கும் நேர்ந்தது. அங்கே கோடிக்கணக்கான மக்களுக்கு மரவள்ளியே அன்றாடச் சோறு. நைஜீரியாவின் இபதான் நகரிலுள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தில் ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிட்சர்லாந்து விஞ்ஞானி இதற்கு இயற்கை எதிரியைத் தேடும் பணியை மேற்கொண்டார். தென் அமெரிக்காவின் வடபகுதியில் மரவள்ளியில் ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது. அதைத் தாக்கும் குளவிகளும் கிடைத்தன. ஆனால் ஆப்பிரிக்கப் பூச்சியில் அந்தக் குளவிகள் வளரவில்லை. உற்று ஆராய்ந்தபோது அது நெருங்கிய உறவான வேறோர் இனம் என்று தெரிந்தது. 1981-இல் அன்டோனி பெல்லோட்டி என்னும் பூச்சியியலார் பராகுவே நாட்டில் உண்மையான எதிரியைக் கண்டார். அதைச் சார்ந்தே வாழ்ந்த குளவி அனகைரஸ் லோபெசி. லண்டனில் தனிமைப்படுத்திச் சோதித்த பின் அதே ஆண்டிலேயே நைஜீரியாவில் விடப்பட்டது. பின்னர் விமானத்திலிருந்தும் தூவினார்கள். ஆப்பிரிக்காவில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அது நிலைத்துவிட்டது. ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

பெனின் நாட்டில் வளர்க்கப்பட்ட இக்குளவிகள் 2009-இல் தாய்லாந்துக்குச் சென்றன. 2021-இல் பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் பெனினிலிருந்தே இந்தியாவுக்கு வரவழைத்தது. தனிமையில் வைத்துச் சோதித்துப் பெருக்கிய பிறகு, சேலத்திலிருந்து ஆத்தூர் செல்லும் வழியில் ஏத்தாப்பூரிலுள்ள மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில், நாம் முன்பு சொன்ன மார்ச் 7 அன்று முதன்முதலாக வெளியே விட்டார்கள்.

இதன் வித்தைகளைக் கேளுங்கள். மாவுப்பூச்சி கடித்த மரவள்ளிச் செடியிலிருந்து ஒரு வாசனை எழும். குளவி அந்த வாசனையை நுகர்ந்தே செடியைக் கண்டுபிடிக்கிறது. எனவே, ஏக்கருக்குச் சில செடிகளில் மட்டும் பூச்சி இருந்தாலும் தேடிப் போய்விடும். பெண் குளவி பூச்சியின் உடலுக்குள் ஒரு முட்டையைச் செலுத்தும். புழு உள்ளிருந்தே பூச்சியைத் தின்னும். பூச்சி உப்பி, பழுப்பு நிறக் கூடாக இறுகிவிடும். அதைத் துளைத்துக்கொண்டு புதிய குளவி வெளிவரும். முட்டை முதல் குளவி வரை சுமார் மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடும். பூச்சியின் தலைமுறைக்கு ஒரு மாதம். குளவிக்கு அதைவிடக் குறைவு. 1,60,000 கணக்கை முறியடிப்பது இந்த வேக வித்தியாசந்தான். தவிர, சில பூச்சிகளை முட்டையிடாமலே குத்திச் சாறு குடித்துக் கொல்வதும் உண்டு. மனிதரையோ மாட்டையோ இது கொட்டாது.

ஒன்றை எதிர்பார்க்கக் கூடாது. பூச்சியை அடியோடு துடைத்தெறிவது குளவியின் வேலை அல்ல. தோட்டத்தில் எப்போதும் கொஞ்சம் பூச்சி இருக்கும். அதை நம்பிக் கொஞ்சம் குளவியும் இருக்கும். முற்றும் ஒழிந்தால் குளவியும் பட்டினியில் ஒழியும். அடுத்த முறை பூச்சி வரும்போது காவலுக்கு ஆள் இராது. இலைக்கடியில் நாலு பூச்சியைக் கண்டு பதறுபவர்களுக்கு இதை விளக்குவது சற்றுச் சிரமம்.

துணை இல்லாமல் வெற்றி இல்லை

அணிலுக்குப் பக்கத்தில் நீர்ப்பாம்பு நிற்க வேண்டியிருந்தது. குளவிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியவர் உழவர். அவர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, தெளிப்பானைக் கீழே வைப்பது. மெழுகுப் போர்வை உள்ள பூச்சி மருந்துக்குத் தப்பும். போர்வையில்லாத குளவி செத்துப்போகும். குளவி விட்ட தோட்டத்தில் வீரியமான மருந்தை அடிப்பவர், தம் அணியைத் தாமே அடிக்கிறார்.

அடுத்தது கரணை. இந்தப் பூச்சி நெடுந்தூரம் நடந்து போவதில்லை. நாம் கட்டுக்கட்டாக ஏற்றிச் செல்லும் விதைக் குச்சிகளில் சவாரி செய்கிறது. பூச்சி கண்ட தோட்டத்துக் குச்சியை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி நடுவது, எதிரியை வண்டிச் சத்தம் கொடுத்து அழைத்து வருவதாகும். எறும்பையும் கவனிக்க வேண்டும். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்புத் தேனுக்காக எறும்புகள் அதை ஆட்டு மந்தை போல் மேய்த்து, வரும் குளவிகளை விரட்டும்.

மண் விஷயந்தான் எனக்கு மிகவும் சுவையாகப் படுகிறது. ஆப்பிரிக்காவில் சில இடங்களில் மட்டும் குளவி சோபிக்கவில்லை. காரணம் தேடினால், அவை சத்தற்ற மணல் நிலங்கள். மெலிந்த செடியில் பூச்சியும் சிறுத்திருந்தது. இக்குளவியோ பெரிய பூச்சியில் பெண் முட்டையும் சிறிய பூச்சியில் ஆண் முட்டையும் இடும் வழக்கமுடையது. பூச்சி சிறுத்ததால் ஆண் குளவிகள் மிகுந்தன, முட்டையிடும் பெண்கள் குறைந்தன, காவல் தளர்ந்தது! ஆக, தொழு உரமும் மூடாக்கும் போடுவது கிழங்குக்கு மட்டுமல்ல, குளவிக்கும் போடும் தீவனமே. வேறெந்தப் பயிர்ப் பாதுகாப்பு முறையிலும் இப்படியொரு சங்கிலியைக் காண்பது அரிது.

தோட்டத்தை ஒட்டிய பள்ளிகளின் மாணவர்கள் இதை நேரிலேயே பார்க்கலாம். கொத்தாகிப் போன மரவள்ளி நுனி ஒன்றை வெட்டி, அகன்ற கண்ணாடிப் புட்டியில் இட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி நிழலில் வையுங்கள். உருப்பெருக்கி இருந்தால் முதலில் நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் உடலாக இருந்து, சாராயத்தில் இட்டால் கருநீலமாக மாறினால் அது பப்பாளி மாவுப்பூச்சி. இளஞ்சிவப்பாக இருந்தால் நாம் பேசிக்கொண்டிருக்கும் ஆசாமி. பூச்சிகளுக்கிடையே பழுப்பான, உப்பிய கூடுகள் தெரிந்தால், அந்த நுனிகளை எரிக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லுங்கள்; அவற்றுக்குள் குளவி இருக்கிறது. இரண்டு மூன்று வாரத்தில் கூட்டின் ஒரு முனையில் வட்டமான துளை விழும்; துணியில் வெளிச்சம் படும் பக்கமாகப் பொடிக் குளவிகள் ஏறி நிற்கும். ஆனால் வெளிவருவதெல்லாம் நம் குளவி என்று எண்ணிவிட வேண்டாம். குளவியின் புழுவையே தாக்கி அதற்குள் வளரும் இன்னொரு வகைக் குளவியும் உண்டு. வேறுபாட்டைக் கண்டறிய, நாலைந்தைச் சிறு குப்பியிலிட்டு ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்துக்கு எடுத்துச் சென்று காட்டலாம். குப்பியின்மேல் ஊரின் பெயரையும் நாளையும் எழுதி ஒட்ட மறக்காதீர்கள்.